வாடைக்காற்று வீசும் தீவு

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, ஊர்காவற்றுறை அமைந்துள்ள வேலணைத் தீவின் வழியே சென்றால், மற்றுமொரு கடல்வழிச் சாலை நம்மைப் புங்குடுதீவிற் சேர்க்கும். அங்குள்ள குறிகட்டுவான் துறையோடு தரைவழிப் பயணம் முடிந்துவிடுகிறது. நயினாதீவு செல்லும் அடியார்கள் ஒரு படகில் ஏற, நாம் நெடுந்தீவுப் படகில் ஏறுகிறோம். ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம்.

சாந்தின்றி அடுக்கிய முருகைக்கல் வேலிகள், வெளிகளில் மேயும் கட்டாக் குதிரைகள், பருத்த பெருக்கமரம், ஒல்லாந்தர் காலக் கோட்டையின் இடிபாடு ஆகியன நெடுந்தீவின் காட்சிகள். இவற்றைக் கண்டு மாலைப் படகிலே திரும்புவோர் பலர். ஆயினும், இத்தீவின் மாந்தரை அறிய விழைவோர் ஒரு நாவலையும் படித்தல் வேண்டும். அதுவே செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று'.

செங்கை ஆழியானின் இயற்பெயர் க. குணராசா. 1941-இல் யாழ்ப்பாணத்திற் பிறந்த அவர், பேராதனையிற் புவியியல் பயின்று, பின்னர் அரச நிருவாகப் பணியில் அமர்ந்தார். நிலத்தையும் காற்றையும் கற்றவருக்கு, அவற்றை நம்பிப் பிழைப்பவரின் வாழ்வும் புலப்பட்டதில் வியப்பில்லை. 1973-இல் வெளிவந்த அந்நாவல் 1978-இல் திரைப்படமாயிற்று. ஆசிரியர் 2016-இல் மறைந்தார்.

சாதாரண மனிதரின் அன்றாட வாழ்வே இலக்கியத்துக்கு ஏற்ற பொருள் என்று அமெரிக்காவிலே வில்லியம் டீன் ஹவல்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாதிட்டார். அந்த யதார்த்த நெறியை ஈழத்துக் கடற்கரையிலே காண்கிறோம். வாடைக் காலத்தில் வெளியூரிலிருந்து வந்து, கரையில் வாடியமைத்து மீன்பிடிக்கும் தொழிலாளரும், தீவின் மக்களுமே இக்கதையின் மாந்தர். காதலும் பகையும் அவர்களிடையே வளர்கின்றன. வந்தவனுக்கும் இருப்பவனுக்கும் கடல் எவ்வாறு பொதுவாகும் என்பதே கதையினூடே நாம் கேட்கும் வினா.

அவ்வினா இன்னும் தீரவில்லை. போர்க்காலத் தடைகளால் நலிந்த வட பகுதி மீனவர், 2009-இல் போர் முடிந்தபின் மீண்டும் வலை வீசச் சென்றனர். அப்போது தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் அவர்தம் வலைகளை அறுப்பதாக முறையீடு எழுந்தது. கடலடியை வாரும் இழுவை முறையை இலங்கை 2017-இற் சட்டத்தால் தடைசெய்தது. நெடுந்தீவுக் கடலிற் படகுகள் பிடிபட்ட செய்திகளோ பின்னரும் ஓயவில்லை. சிறைப்படுபவனும் வலையிழப்பவனும் ஒரே மொழி பேசுவோர். இரு வீட்டிலும் அடுப்பெரியக் கடலே கதி.

சட்டம் எல்லையை வகுக்கும். எதிர்க்கரையில் இருப்பவனும் பசியுள்ள மனிதனே என்பதைக் கதைதான் உணர்த்தவல்லது. நெடுந்தீவுக்குச் சுற்றுலா செல்லும் மாணவர்கள், குதிரைகளைக் கண்ட பின்னர் சற்று நேரம் மீனவர் துறையிலும் நிற்பார்களாக. 'வாடைக்காற்று' காட்டும் வாழ்வின் மிச்சத்தை அங்கே காணலாம்.