எடுப்புக்கு எப்போது வரும்?

ஜூலை 4
வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டில் கிடக்கிறது. ஆகஸ்டில் ஒப்புக்கொண்ட கச்சேரியை ரத்து செய்ய மனம் இசையவில்லை. விரல்களால் வாசிக்க வழியில்லாதபோது, கதியையும் ஸ்வரங்களின் எல்லையையும் மட்டும் வகுத்துக் கொடுத்துவிட்டால் தானாகவே சங்கீதத்தைப் பிறப்பித்துக்கொண்டு போகும் மாடுலர் சிந்தசைஸரை இடது கையால் நடத்தலாம் என்று தோன்றியது. நண்பர் ஒருவர் தம் சீக்வென்சர்கள் மூன்றையும் இரவல் தந்திருக்கிறார். நான் தூக்கக்கூடிய சிறு பெட்டியிலோ ஒன்றுக்குத்தான் இடம்.

ஜூலை 7
மூன்றில் முதலாவதான, டாம் விட்வெல் 2012-ல் வடிவமைத்த டூரிங் மெஷினோடு பகல் முழுவதும் கழிந்தது. 16 பிட்டுகள் கொண்ட வரிசை, கிளாக் துடிக்கும்தோறும் ஓரிடம் நகர, கடைசியில் வெளியேறும் பிட் தலைப்பக்கம் திரும்பும்போது அப்படியே நுழைவதா, மாறி நுழைவதா என்பதை ஒரே ஒரு பெரிய குமிழ் நிர்ணயிக்கிறது. குமிழ் நடுவில் நின்றால் முற்றிலும் தற்செயல். வலக்கோடியில் பூட்டிய சுழற்சி. இடக்கோடியிலோ ஒவ்வொரு பிட்டும் தலைகீழாகி நுழைவதால் சுழற்சி இரு மடங்கு நீள்கிறது. அற்புதமான சிக்கனம். ஆயினும் பூட்டைத் திறந்து சற்றே உலவவிட்டபின் பழைய வரிசையை மீட்க மார்க்கமே இல்லை. வெளிவரும் வோல்ட்டை ஸ்வரத்தில் நிறுத்தக் குவாண்டைசர் என்ற இன்னொரு மாட்யூலும் வேண்டும்.

ஜூலை 8
வலி. ஒன்றும் ஓடவில்லை.

ஜூலை 13
எதிர்வீட்டு மிருதங்க வித்வான் மாமா கை எப்படியிருக்கிறது என்று பார்க்க வந்தார். 8 துடிப்புகளில் 3 அடிகளை இயன்றவரை சம இடைவெளியில் பரப்பும் யூக்ளிடிய தாளம் அப்போது ஓடிக்கொண்டிருந்தது, உலகத்தின் பாரம்பரியத் தாளங்கள் பலவும் இந்தக் கணக்கில் அடங்குவதை காட்ஃப்ரைட் டூசாண்ட் 2005-ல் எழுதிக் காட்டியிருக்கிறார் என்று நான் பிரஸ்தாபிக்கத் தொடங்குமுன்பே, மாமா தொடையில் தட்டி, “தகிட தகிட தக, அவ்வளவுதானே?” என்றார். பிறகு டூரிங் மெஷினின் ஸ்வரங்களை, கண்ணை மூடிக்கொண்டு, காபி ஆறிப்போகும்வரை கேட்டார்.

“எல்லாம் சரி. இது எடுப்புக்கு எப்போ வரும்?”

எடுப்புக்கு, அதாவது பாட்டு தொடங்கிய இடத்துக்கு, திரும்பி வராது, ஒவ்வொரு கணமும் புதிதாயிருப்பதே இதன் சிறப்பு என்றேன்.

“அப்போ நான் கூட வாசிச்சா எங்கே முடிக்கிறது?”

ஜூலை 14
மாமாவின் கேள்வி அநியாயமானது. பிரையன் ஈனோ 1996-ல் ‘ஜெனரேட்டிவ் மியூசிக் 1’ வெளியிட்டபோது, ஒரு முறை கேட்டது மறுமுறை அப்படியே வராது என்பதுதானே அதன் ஆனந்தமாக இருந்தது? திரும்பி வருவதை ஏன் எல்லாச் சங்கீதத்திடமும் எதிர்பார்க்க வேண்டும்?

ஜூலை 19
இரண்டாவது, மார்பிள்ஸ். இதைச் செய்த மியூட்டபிள் நிறுவனம் 2022-ல் மூடப்பட்டுவிட்டாலும், அதன் நிறுவனர் எமிலி ஜில்லே தம் வரைபடங்களை யாவர்க்கும் திறந்தே வைத்ததால் பிறர் கைகளில் இது இன்னும் ஜீவித்திருக்கிறது. தேஜா வூ என்ற குமிழை இடக்கோடியிலிருந்து உயர்த்த உயர்த்த, முன்பு வந்தது மறுபடி வரும் சாத்தியம் கூடிக்கொண்டே போய், உச்சியில் வரிசை பூட்டிக்கொள்கிறது. அதையும் தாண்டினால் அதே ஸ்வரங்கள் முறை கலைந்து வருகின்றன. தாளத்துக்கும் ஸ்வரத்துக்கும் தனித்தனிப் பொத்தான் இருப்பதால், தாளத்தைக் கட்டிவைத்து ஸ்வரத்தை மட்டும் உலவவிட இயலுகிறது. உச்சிக்குச் சற்றுக் கீழே குமிழை நிறுத்தி, தெரிந்த பிரயோகம் ஒன்று மெல்லத் தேய்ந்து வேறொன்றாவதை இருட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். கையின் நினைவே வரவில்லை.

ஜூலை 20
மாமா ஊரில் இல்லை.

ஜூலை 24
மூன்றாவது, டெகார்த்தின் பெயரைத் தாங்கிய ரெனே. நான்குக்கு நான்காக 16 குமிழ்கள். ஒவ்வொன்றிலும் நானே வைத்த ஸ்வரம். கிடைக்கு ஒரு கிளாக், நெடுக்கைக்கு ஒரு கிளாக். தற்செயலுக்கு இதில் இடமே தராமல், கிடை ஒவ்வொரு துடிப்புக்கும், நெடுக்கை ஐந்து துடிப்புக்கு ஒருமுறையும் நகரும்படி அமைத்தேன். பாதை கணிக்கவொண்ணாததாகத் தோன்றினாலும் 20 துடிப்பில் புறப்பட்ட கட்டத்துக்கே வந்து நிற்கிறது. ஐந்தைந்தாக எண்ணும் கண்ட நடையில் நாலு அட்சரம்! விரலால் போட்டுப் பார்த்தேன், பிசகவில்லை. ஆனால் ஸ்வரங்களைச் சுருதி சேர்க்க இடது கைக்கு அரைமணி நேரம் பிடிக்கிறது, மேடையில் அதற்கு அவகாசமேது?

ஜூலை 27
காலையில் மார்பிள்ஸைப் பொருத்தி, மாலையில் கழற்றிவிட்டு ரெனேயைப் பொருத்தினேன். மாமா திரும்பிவிட்டார். ஞாயிறன்று மிருதங்கத்தோடு வருவதாகவும், இரண்டையும் ஓடவிடச் சொல்லி, தம்மால் எதில் தீர்மானம் வைத்து முடிக்க முடிகிறதென்று பார்ப்பதாகவும் சொல்லியிருக்கிறார். மார்பிள்ஸை உச்சியில் பூட்டிவைத்துத்தான் அவருக்குக் கேட்கக் கொடுக்க வேண்டுமா, சற்றுக் கீழே இறக்கி வைத்தா என்பதை இன்னும் தீர்மானிக்கவில்லை.