கியாரான் கோயில் மண்

பக்கத்து வீட்டுப் பாட்டி கார் ஓட்டுவதை நிறுத்தி இரண்டு வருடமாகிறது. அவருடைய கணவரின் கல்லறை ஷானன் ஆற்றங்கரையில், குளொன்மக்நாய்ஸில் இருக்கிறது. அயர்லாந்தில் நாங்கள் இருக்கும் அத்லோனிலிருந்து தெற்கே காரில் அரை மணி நேரம். மாதம் ஒரு ஞாயிறு நான்தான் கூட்டிப்போகிறேன். எண்பது வயதானவரையும் இங்கே பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஆறு வருடமாகியும் எனக்கு வாய் வரவில்லை. கிட்டப் போய் நின்று, மொட்டையாகப் பேச்சைத் தொடங்கிவிடுவேன்.

புதுக் கல்லறைத் தோட்டத்தை ஒட்டித்தான் பழைய மடத்தின் இடிபாடுகள். பாட்டி கணவரோடு பேசி முடிக்கிறவரை நான் அங்கே சுற்றுவேன். முதல் முறை பலகைகளைப் படித்தபோது சிரிப்பு வந்தது. டெம்பிள் கியாரான், டெம்பிள் ஃபினீன், டெம்பிள் கானர். கட்டியதெல்லாம் சர்ச், பேர் மட்டும் டெம்பிள்! லத்தீனிலிருந்து ஐரிஷுக்குப் போய்த் தங்கிவிட்ட சொல்லாம். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் சர்ச்சை வேதக்கோயில் என்றுதான் சொல்வோம் என்றேன். "அப்புறம் என்ன, நாங்க சொல்றது உனக்குப் புரியும்" என்றார் பாட்டி.

தச்சர் மகனான கியாரான், 6ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கே வந்து மடம் தொடங்கினார். சில மாதங்களிலேயே கொள்ளைநோயில் போய்விட்டார். வயது முப்பத்துச் சொச்சம்தான். ஆனாலும் மடம் ஆயிரம் வருடம் ஓடியது. ஆற்றுவழியும், நாட்டைக் குறுக்கே கடக்கும் பழைய சாலையும் சந்திக்கிற இடம் இது. ராஜாக்கள் வந்தார்கள், படிக்க வந்தார்கள், கொள்ளையடிக்கவும் வந்தார்கள். வைக்கிங்குகள்தான் எரித்தார்கள் என்று நினைத்திருந்தேன். உள்ளூர்க்காரர்களும் சளைத்தவர்களில்லை. 764இல் இந்த மடம் டர்ரோ மடத்தோடு போரே நடத்தியிருக்கிறது, துறவிகளின் லட்சணம்! கடைசிக் கொள்ளை 1552இல். அத்லோனில் இருந்த ஆங்கிலேயப் படை வந்து மணிகளையும் ஜன்னல் கண்ணாடியையும்கூட விடாமல் வாரிக்கொண்டு போயிற்று. நான் வரியும் வாடகையும் கட்டுகிற ஊர் அது. பாட்டி இதைச் சொல்லும்போதெல்லாம் என்னைப் பார்த்துத்தான் சொல்வார்.

909இல் கட்டிய கதீட்ரல்தான் இங்கே பெரியது. பேரைக் கேட்டு அண்ணாந்து பார்க்கத் தயாராக வந்தால், எங்கள் ஊர்ச் சின்னக் கல்யாண மண்டபம் அளவுதான். கூரை இல்லை. அதன் வடக்கு வாசல் வளைவில் ஒரு பக்கம் முணுமுணுத்தால் மறுபக்கம் கேட்கும். தொழுநோயாளிகள் எட்ட நின்று பாவமன்னிப்புக் கேட்ட இடம் என்பது கதை. பாட்டி என்னை ஒரு மூலையில் நிறுத்தி, மறுபக்கம் போய்ச் சுவரிடம் வாய் வைத்தார். ஏதோ பெரிய ரகசியம் என்று காதைக் கொடுத்தேன். "குடையைக் கார்லயே விட்டுட்டோம்."

எனக்குப் பிடித்தது டெம்பிள் கியாரான்தான். நம் வீட்டுச் சமையலறை அளவுகூட வராது. சுவர்கள் கோணிக்கொண்டு நிற்கின்றன. கியாரானைப் புதைத்த இடம் என்று நம்பிக்கை. சுற்றுவட்டார விவசாயிகள் அந்தத் தரையிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப்போய் வயலின் நான்கு மூலையிலும் போடுவார்களாம், பயிருக்கும் மாட்டுக்கும் காவலாக. தலைமுறை தலைமுறையாக எடுத்ததில் உள்தரை வெளித்தரையைவிடத் தாழ்ந்துபோய், பிறகு கல் பாவ வேண்டியதாயிற்று. கொள்ளைக்காரர்கள் போக மிச்சமிருந்ததைப் பக்தர்கள் பிடிபிடியாகக் கொண்டுபோயிருக்கிறார்கள். நான்கு மூலை என்றதும் எனக்கு ஒன்றும் விளக்கம் தேவைப்படவில்லை. வீடு கட்டும்போது என் அப்பாவும் மூலைக்கு மூலை எலுமிச்சம்பழம் வைத்தவர்தான்.

பாட்டியின் அப்பாவும் மண் எடுத்தவராம். பலித்ததா என்று கேட்டேன். "மாடு செத்ததும் உண்டு, பிழைச்சதும் உண்டு. எடுக்காம இருக்க அவருக்குத் துணிச்சல் இல்லை."

அன்று நனைந்துதான் காருக்கு வந்தோம். வீட்டு வாசலில் ஷூவில் அப்பியிருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். பாட்டி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். "சாக்கடையில தள்ளாதே. அந்தக் கறிவேப்பிலைத் தொட்டியில போடு."

ஜன்னலோரம் மூன்று குளிர்காலமாக இழுத்துக்கொண்டு கிடக்கிற செடி அது. கல் பாவிய கோயிலில் ஏது மண், இது பார்க்கிங் சேறு என்றேன். அதுவும் கியாரான் நிலம்தான் என்றார்.

போட்டேன். செடியில் இப்போதும் நான்கு ஈர்க்குதான் இருக்கிறது. ரசத்துக்குக் கடைக் கறிவேப்பிலைதான்.