போருக்கு உடன்படாத அம்மையார்

மெய்ப்பொருள் நாயனார், தம்மைக் குத்திய முத்தநாதனுக்கு ஊறு நேராவண்ணம் தத்தனைத் தடுத்தருளியது, திருவேடத்தின்பாற் கொண்ட அன்பினாலாம். அத்தகைய வேடம் எதிரே இல்லாவிடத்தும் கொலைக்கு உடன்படாது நின்றாரொருவர் வரலாறு ஈண்டுச் சிந்திக்கற்பாலது.

அமெரிக்காவில் மான்டானாப் பகுதியில் 1880-ல் தோன்றிய ஜீனெட் ரேங்கின் அம்மையார், 1916-ல் அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபைக்குத் தெரிந்தெடுக்கப்பெற்றார். அச்சபை புக்க முதற் பெண்மணி இவரே. 1917-ல் ஜெர்மனியோடு போர் தொடுத்தலை அங்கு மறுத்தோர் 50 பேர். அவருள் இவரும் ஒருவர். மீண்டும் உறுப்பினராயிருந்த காலத்து, பேர்ல் துறைமுகம் தாக்குண்ட மறுநாளாகிய 1941 டிசம்பர் 8-ல், ஜப்பானோடு போர் வேண்டுமென்றோர் 388 பேர். வேண்டாவென்றவர் இவ்வம்மையார் ஒருவரே. சினந்து சூழ்ந்த கூட்டத்தினின்றும் தப்பத் தொலைபேசிக் கூண்டினுட் புகுந்து, காவலர் வந்த பின்னரே வெளிப்போந்தார். அஞ்சியது உடம்பு, கருத்து அஞ்சிற்றில்லை.

பெண்ணாகிய தாம் போர்க்களம் புகுதல் இயலாதாகப் பிறரை ஆண்டு விடுத்தல் தகாது என்பது அவர் கொண்ட நியாயம். போர்முழக்கஞ் செய்வார் பலர் இதனை ஒருகாலும் எண்ணுவதில்லை. தந்நாட்டார் பிறநாட்டார் என்னும் வேற்றுமை உடம்பைப் பற்றியதன்றி உயிரைப் பற்றியதன்றெனச் சித்தாந்தங் கற்றோர் அறிவர். அறிந்தும் செய்திகேட்டுச் சினவாதார் எத்துணையர்?

ஜார்ஜியாவில் அவர் வாழ்ந்த சிறுமனையில் மின்விளக்குமில்லை, குழாய்நீருமில்லை. தேவை சுருங்கினார்க்கு இழப்பச்சமும் சுருங்கும். பதவி போமென்று தயங்காமைக்கு இதுவும் ஏதுப் போலும். காந்தியடிகளின் நெறியை ஆராயும்பொருட்டுப் பாரதநாட்டிற்குப் பன்முறை வந்தார். வியட்நாம் போரை ஒழிக்கவென 1968-ல் ஆயிரக்கணக்கான மகளிர்க்கு முன்னின்று வாஷிங்டன் நகரில் நடந்தபோது அவர்க்கு அகவை 87.