செய்முறை க்ளெய்ம் செத்துப்போச்சா?

"புராசஸ் க்ளெய்மா? அதெல்லாம் 2005க்கு முந்தின சமாச்சாரம் சார்" என்று சிரித்தார் ஒரு இளம் பேட்டன்ட் ஏஜென்ட். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பிழைப்பில் பாதி அந்தச் சமாச்சாரத்தில்தான் ஓடியது.

1970ஆம் ஆண்டுப் பேட்டன்ட் சட்டம் திருத்தப்படும்வரை அதில் மருந்துக்குப் பொருள் உரிமை கிடையாது. செய்முறைக்கு மட்டும்தான், அதுவும் மிஞ்சிப்போனால் 7 ஆண்டு. அந்த நெருக்கடியில்தான் நாங்கள் எழுதப் பழகினோம்.

என் சீனியர் டிராஃப்டைத் தொடுமுன் கேட்பது ஒன்றுதான்: "இதை வச்சு யாரைப்பா பிடிப்பே?" 'மெத்தனாலில் கரைத்து, 60 முதல் 65 டிகிரியில் சூடாக்கி' என்று எழுதியிருப்பேன். "எதிராளி எத்தனாலைப் போட்டு 70ல வச்சான்னா?" என்பார். சரி, 'ஆல்கஹால்', '40 முதல் 100' என்று விரித்துக் கொண்டுபோனால், "பழைய ஜர்னல்ல எவனாவது 45ல செஞ்சிருப்பான், எக்ஸாமினர் அடிச்சிடுவார்" என்பார். பிறகு என்னை லேபுக்கே துரத்துவார்: எந்த டிகிரியில் சரக்கு கெடுகிறது என்று கேட்டு வா. கைகூடிய பரிசோதனையைவிடக் கைவிட்ட பரிசோதனைதான் எல்லையைக் காட்டும் என்பது அவர் கட்சி. சரக்கில் தங்கும் மாசு எது, எவ்வளவு என்பதையும் ஸ்பெசிஃபிகேஷனில் எழுதவைப்பார். நம் வழியில் செய்தால்தான் அந்த மாசு வரும் என்றால், நாளைக்கு அதுவே சாட்சி.

பொருள் க்ளெய்மின் சுகம் எனக்கும் தெரியும். கடையில் மாத்திரை வாங்கிச் சோதனைக்குக் கொடுத்தால் பாதி வழக்கு முடிந்தது. செய்முறை மீறலோ அடுத்தவன் தொழிற்சாலைக்குள் நடக்கிறது. ரியாக்டர் பக்கம் நம்மை யார் விடுவார்கள்? 104ஏ பிரிவு நிரூபிக்கும் சுமையை அவன் தலைக்கு மாற்றலாம். ஆனால் அவன் சரக்கும் நம் செய்முறையில் நேரடியாக வரும் சரக்கும் ஒன்றே என்று முதலில் நாம் காட்டியாக வேண்டும். மாசுக் கணக்கு அப்போதுதான் கைகொடுக்கும்.

பொருளை மட்டும் நம்பி உட்காரவும் முடியாது. இமாடினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்குக் கேட்ட பொருள் உரிமை 2013ல் உச்ச நீதிமன்றத்தில், பலன் கூடாத புது வடிவத்துக்கு உரிமை மறுக்கும் 3(டி) பிரிவில் விழுந்தது. செய்முறையை மட்டும் கேட்டுவிட்டுப் பொருளைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றாலோ 59ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். திருத்திய க்ளெய்ம் பழைய க்ளெய்மின் எல்லைக்குள் அடங்க வேண்டும். ஆகவே இரண்டையும் முதல் நாளே, தனித்தனியாக யோசித்து எழுத வேண்டும்.

இப்போது மென்பொருள் பொருள் க்ளெய்மை எழுதுகிறது. அதையே திருப்பிப் போட்டு 'தயாரிக்கும் முறை' என்று ஒட்டுகிறார்கள். 60 டிகிரி ஏன் என்று ஸ்பெசிஃபிகேஷனில் ஒரு வரி இருக்காது. எழுதியவர் லேப் வாசலை மிதித்திருக்க மாட்டார். கோப்புக்கு இவ்வளவு என்று கூலி பேசும் கம்பெனி ஒன்றில் இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டிராஃப்ட் வெள்ளிக்கிழமை வந்துடுமா சார்?" என்றார்கள்.