மாமன் கைக்கோல்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, அம்பத்தூரில் நம் இல்லத்திற்கு அடுத்த தெருவிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். அன்பியக் கூட்டங்களில் பார்த்துப் பழகிய முகம். கையில் ஒரு விண்ணப்பப் படிவம். மகனுக்குக் கல்லூரியில் இடம் வேண்டும். "உங்கள் மருமகன் சாமியார்தானே, அண்ணா! அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதுமே" என்றார். நாம் படிவத்தை வாங்கி மேசைமேல் வைத்தோம். மறுக்கவும் மனம் வரவில்லை, ஒப்புக்கொள்ளவும் வரவில்லை.

மருமகன் என்று அவர் குறித்தது நம் அக்காளின் மகனை. பூந்தமல்லித் திரு இருதயக் குருமடத்தில் பயின்று குருப்பட்டம் பெற்றவர். பட்டம் பெற்ற நாள்முதல் அக்காளே தாம் பெற்ற பிள்ளையைச் 'சாமி' என்று அழைக்கிறார். பிள்ளையோ நம்மை இன்றும் 'மாமா' என்றே அழைக்கிறார். குருமடத்தில் திருச்சபை வரலாறு பயின்ற நாள்களில், விடுமுறைக்கு வந்தால் மொட்டை மாடியில் நம்முடன் அமர்ந்து, இடைக்கால ஜெர்மானிய ஆயர்களின் கதைகளைச் சொல்லுவார். அப்போது வேடிக்கையாகக் கேட்ட கதைகள்தாம். படிவம் மேசைமேல் கிடந்த அந்த வாரத்தில் அவை வேறு விதமாக நினைவுக்கு வந்தன.

பத்தாம் நூற்றாண்டில் ஜெர்மானிய நாட்டை ஆண்ட முதலாம் ஆட்டோ, தம் தம்பி புரூனோவை 953இல் கொலோன் நகரின் பேராயராக்கினார். மறு ஆண்டே தம் மகன் வில்ஹெல்மை மைன்ஸ் நகரின் பேராயராக்கினார். காரணம் பக்தி மட்டுமன்று. ஒரு பிரபுவிடம் நிலத்தை ஒப்படைத்தால் அது அவர் மகனுக்கும் பேரனுக்கும் போய்ச் சேரும். பிறகு அரசருக்குத் திரும்பாது. ஆயருக்கு வாரிசு இல்லை. அவர் கண் மூடியதும் அந்த இடம் மீண்டும் அரசர் கைக்கு வரும். கணக்கு நல்ல கணக்குத்தான். ஆனால், மகன் இல்லாத மனிதருக்கும் உடன்பிறந்தாள் மகன் ஒருவன் இருப்பான் என்பதை, தாய்மாமன் உறவைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் நம்மவரிடம் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பார்கள்!

ஆக்ஸ்பர்க் நகரின் ஆயர் உல்ரிக், பிரபு குலத்தவர். உறவினரின் செல்வாக்கும் துணை நிற்க 923இல் ஆயரானார். 955இல் மகியார் படையினர் வந்து சூழ்ந்தபோது நகரைக் காத்து நின்றவர், ஏழைகளுக்கு இரங்கியவர். முதுமை வந்ததும் துறவு மடம் புக விழைந்து, தம் சகோதரி மகன் அடல்பெரோவிடம் மறைமாவட்டத்தை ஒப்படைக்க எண்ணினார். பேரரசரும் இசைந்தார். மருமகன் ஆயருக்குரிய கைக்கோலை ஊரறிய ஏந்தத் தொடங்கிவிட்டார். 972இல் இங்கல்ஹைம் என்னும் ஊரில் கூடிய ஆயர் மன்றம் இதைக் கண்டித்தது. ஆயர் உயிரோடிருக்கையில் மற்றொருவர் அக்கோலை ஏந்துவது திருச்சபைச் சட்டத்திற்கு மாறு என்பதைத் தாம் அறிந்திருக்கவில்லை என்று அடல்பெரோ ஆணையிட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று. மறு ஆண்டு மருமகன் முன்னே இறந்தார். மாமன் சூலை 4ஆம் நாள் இறந்தார். 993இல் திருத்தந்தை பதினைந்தாம் யோவான் உல்ரிக்கைப் புனிதராக அறிவித்தார். திருத்தந்தை ஒருவரால் முறைப்படி அறிவிக்கப்பட்ட புனிதர்களுள் வரலாறு அறிந்த முதல்வர் அவரே. நம்மை உறுத்துவதும் அதுதான். மருமகனுக்குக் கோலைக் கொடுத்தவர் ஒரு கொடியவர் என்றால் கதையை மூடி வைத்துவிடலாம். கொடுத்தவர் ஒரு புனிதர்.

பின்னாளில் இவ்வழக்கம் தடித்துப்போயிற்று. பேராலய மன்றத்தில் இடம்பெறப் பதினாறு மூதாதையரும் பிரபு குலத்தவர் என்று மெய்ப்பிக்கக் கேட்ட இடங்கள் உண்டு. கொலோன் பேராயர் பதவி 1583 முதல் 1761 வரை, 178 ஆண்டுகள், விட்டல்ஸ்பாக் என்னும் ஒரே குடும்பத்தின் ஐவரிடம் இருந்தது.

தொலைதூரக் கதை என்று தள்ளவும் வழியில்லை. நம் அண்டை நாடாம் கேரளத்தில் புனித தோமையாரின் கிறித்தவர்களுக்கு ஆயர்கள் பாரசீகப் பகுதியிலிருந்து வந்தனர். ஆனால் சமூகத்தை நடத்தியவர் உள்ளூர்த் தலைமைத் திருத்தொண்டர். 'ஜாதிக்குக் கர்த்தவ்யன்' என்பது அவருடைய பட்டம். அப்பதவி பகலோமற்றம் குடும்பத்தில் மாமனிடமிருந்து மருமகனுக்கு வந்தது. 1653இல் மட்டாஞ்சேரியில் கூனன் குரிசு உறுதிமொழி எடுத்து மக்கள் பிரிந்தபோது, ஒரு சாரார் அக்குடும்பத்துத் தோமாவைத் தம் ஆயராக்கினர். 1663இல் உரோமையோடு இணைந்து நின்ற சாராருக்கு ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட பறம்பில் சாண்டியும் அதே குடும்பத்தவர்! திருச்சபை இரண்டாகப் பிரிந்தது. குடும்பம் இருபுறமும் நின்றது.

நமக்கும் ஒரு சாமியார் மாமன் இருந்தார், அம்மாவின் அண்ணன். 1974இல் பள்ளியிறுதி வகுப்பில் நாம் பெற்ற மதிப்பெண் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அம்மா அண்ணனிடம் போய் அழுதார். மாமா ஒரு கடிதம் எழுதித் தந்தார். திருச்சபையினர் நடத்திய தொழிற்பயிற்சிப் பள்ளி ஒன்றின் தாழ்வாரத்தில், அக்கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தோம். அதே பலகையில் ஓர் உபதேசியாரும் அவர் மகனும். உபதேசியாரின் மடியில் மஞ்சள் பை. பைக்குள் மதிப்பெண் சான்றிதழ். அதை அவர் எடுத்து நம்மிடம் காட்டினார். நாம் பெற்றதைவிட எவ்வளவோ மிகுதி. ஃபிட்டர் பிரிவில் ஓர் இடமே எஞ்சியிருந்தது. நம்மை முதலில் உள்ளே அழைத்தார்கள். கடிதத்தைப் படித்த தலைவர், "மாமா சௌக்கியமா?" என்று கேட்டார். அவ்வளவுதான் நேர்காணல்.

வெளியே வந்தபோது உபதேசியார் எழுந்து நின்று, "சாமியாருடைய தங்கை மகனா? நல்லது தம்பி, நன்றாகப் படியுங்கள்" என்றார். அவர் குரலில் கசப்பு இருந்திருந்தால் நாம் இதை என்றோ மறந்திருப்போம். அந்த இடம்தான் நம்மை அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குக் கொண்டுவந்து 33 ஆண்டுகள் சோறு போட்டது. இந்த வீட்டைக் கட்டியதும் அதுதான். மாமாவின் நினைவு நாளில் இன்றும் திருப்பலிக் கருத்து கொடுக்கிறோம்.

அந்த ஜெர்மனியிலும் ஒரு வில்லிகிஸ் இருந்தார். எளிய குடியில் பிறந்து 975இல் மைன்ஸ் பேராயராக உயர்ந்து 1011 வரை பணியாற்றியவர். அவர் வண்டி செய்யும் தச்சரின் மகன் என்றும், பெருங்குடியினர் அவரை எள்ளி அவருடைய சுவரில் சக்கரம் வரைந்தார்கள் என்றும், அவர் அச்சக்கரத்தையே தம் சின்னமாக ஏற்றார் என்றும் பழங்கதை சொல்லுவர். மைன்ஸ் நகரின் சின்னத்தில் இன்றும் சக்கரம் இருக்கிறது. நம்மிடையே பதினாறு மூதாதையரின் பட்டியலை யாரும் கேட்பதில்லை. சாதி என்னும் ஒரு சொல்லிலேயே பட்டியல் முழுவதும் அடங்கிவிடுகிறது. 2022 ஆகஸ்டில் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினாலாக உயர்த்தப்பட்டபோது, தலித் மக்களிடமிருந்து அந்நிலைக்கு வந்த முதல்வர் என்று செய்தித்தாள்கள் எழுதின. நாமும் மகிழ்ந்தோம். தோமையார் வந்த மண் என்று பெருமை பேசும் நாம், 'முதல்வர்' என்னும் சொல்லைக் கொஞ்சம் கூச்சத்தோடும் படித்திருக்கலாம்.

மறு வாரம் மருமகன் மதிய உணவுக்கு வந்தார். படிவத்தை எடுத்து முன்னே வைத்தோம்; வைத்த கையோடு, அதுவரை யாரிடமும் சொல்லாத தாழ்வாரத்துக் கதையையும் சொன்னோம். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். கடைசியில், "அந்த உபதேசியார் மகன் பெயர் என்ன, மாமா?" என்றார். அரைமணி நேரம் ஒரே பலகையில் அமர்ந்திருந்தோம், பெயரைக் கேட்டதில்லை. படிவத்தை அவர் எடுத்துச் செல்லவில்லை. நாமும் வற்புறுத்தவில்லை.

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குச் சென்றோம். கடிதம் கிடைக்காது என்றும், நேரே விண்ணப்பிக்க நாமே உடன் வருவதாகவும் சொன்னபோது அம்மையாரின் முகம் வாடியது. "உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருந்தால்..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. காப்பி கலக்க உள்ளே போனார். பையன் வாசலில் மிதிவண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.