கணக்கு நோட்டு யார் கையில்?

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டைக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்ததிலிருந்து எங்கள் ஊரில் எங்கும் அந்தப் பேச்சுதான். நானோ எங்கள் தெரு மகளிர் சுய உதவிக் குழுவைப் பற்றிச் சொல்கிறேன்.

கூட்டம் திண்ணையில் நடக்கும். சேமிப்பைக் கட்டி, கடன் பாக்கியைப் பேசி முடித்ததும் தீர்மான நோட்டு சுற்றி வரும். கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, பக்கத்தில் உட்காரும் பெண்ணிடமே கையெழுத்துப் பழகினார். இப்போது வங்கிச் செலானை அவரே நிரப்புகிறார். மணிலா (நிலக்கடலை) பிடுங்கக் கூலிக்குப் போன இன்னொருவர், குழுக் கடனில் கறவை மாடு வாங்கிப் பால் ஊற்றுகிறார்.

தமிழகத்தில் இந்த மகளிர் குழு முயற்சி 1989-ல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் தொடங்கியது. 1997-98 முதல் 'மகளிர் திட்டம்' என்ற பெயரில் மாநிலம் முழுக்கப் பரவியது. குழுவுக்கு 12 முதல் 20 பேர். அடகு வைக்க நகை வேண்டாம். ஒருத்தியின் தவணைக்கு மற்றவர்கள் பொறுப்பு.

ஒரே ஒரு குறை. பல குழுக்களில் கணக்கு நோட்டு வருஷக்கணக்காக ஒரே ஆள் கையில் இருக்கிறது. முறை வைத்து எல்லோரும் எழுதுங்கள் தோழிகளே. கணக்குத் தெரிந்தவளை ஏமாற்றுவது கஷ்டம்.