புதியன புகும்போது

என் அறைக்கு வரும் நண்பர்கள் மடிக்கணினியைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. "இது என்ன, கணினியா, திருவிழாப் பந்தலா?" என்று ஒருவர் கேட்டே விட்டார். நான் கோபித்துக்கொள்ளவில்லை. தில்லி வந்த நாளாய் விடுதிச் சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் நமக்கு உரிமை இல்லை. நம் மனம்போல் அழகு செய்ய மிஞ்சியிருப்பது அந்தத் திரை ஒன்றுதானே!

அதற்கு உதவுவது ரெயின்மீட்டர் என்னும் இலவச மென்பொருள். விண்டோஸ் கணினியின் முகப்பில் கடிகாரம், நாட்காட்டி, வானிலை என்று வேண்டுவதை வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம். இவற்றை 'ஸ்கின்' என்பார்கள். ஒவ்வொரு ஸ்கின்னுக்கும் அடிப்படை சாதாரண எழுத்துக் கோப்புதான். நோட்பேடில் திறந்து நாமே திருத்தலாம்.

நான் எடுத்துக்கொண்ட தொகுப்பில் பொன்மொழி காட்டும் ஸ்கின் ஒன்று இருந்தது. ஒரு கோப்பிலிருந்து ஏதேனும் ஒரு வரியை எடுத்து அது திரையில் காட்டும். அதிலிருந்த ஆங்கிலப் பொன்மொழிகளை அழித்துவிட்டு, என் அப்பத்தா தொலைபேசியில் சொன்னவற்றை ஒவ்வொன்றாக எழுதி வைத்தேன். முதல் நாள் எல்லாம் கேள்விக்குறிகளாகவே தெரிந்தன. கோப்பை யூடிஎஃப்-16 முறையில் சேமித்த பிறகே தமிழ் தெரிந்தது. "குளிருதுன்னு குளிக்காம இருந்துறாத அப்பு", "பசிச்சுப் படிக்காத, சாப்பிட்டுட்டுப் படி" என்பவைதாம் என் பொன்மொழிகள். மொத்தம் 143 வரிகள்.

சென்ற ஐப்பசியில் அப்பத்தா மறைந்தார். தேர்வு நடந்துகொண்டிருந்தது, ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் குரலை நான் பதிவு செய்து வைத்தவன் அல்லன். எழுத்தில் இருந்தது அந்தக் கோப்பு ஒன்றே.

தை மாதம் ஓர் இரவு, தொகுப்பின் புதிய பதிப்பு வந்திருப்பதைக் கண்டு, யோசிக்காமல் நிறுவினேன். கடிகாரம் அதே இடத்தில், அதே நிறத்தில் நின்றது. வானிலைக்கு நான் கொடுத்திருந்த ஊர்ப்பெயரும் மாறவில்லை. ஆனால் பொன்மொழி இருந்த மூலையில், வெற்றி பெறுவது எப்படி என்று ஆங்கிலத்தில் ஒரு வரி! கோப்பைத் திறந்தேன். அப்பத்தா இல்லை.

காரணம் பின்னர் புரிந்தது. ரெயின்மீட்டரை மட்டும் புதுப்பித்தால் நம் அமைப்புகளுக்கு ஊறு இல்லை. மென்பொருள் ஓரிடத்தில், ஸ்கின்கள் வேறிடத்தில், எந்த ஸ்கின் எங்கே நிற்கிறது என்னும் குறிப்பு மற்றோரிடத்தில் இருக்கின்றன. தொகுப்பைப் புதுப்பிப்பதோ வேறு. பழைய கோப்புறை போய்ப் புதியது வருகிறது. நிறம், அளவு, ஊர் போன்ற மதிப்புகள் உள்ள கோப்பைத் தொகுப்பாளர் முன்பே குறித்து வைத்திருந்தால், அவை மட்டும் புதியதில் சேர்க்கப்படும். என் 143 வரிகள் அமைப்பு அல்ல என்பது அதன் கணக்கு. தவறு என்னுடையதே. பிறர் வீட்டுப் பெட்டியில் என் நகையை வைத்தது நான்தானே?

நல்ல வேளையாகப் பழைய கோப்புறை அழியவில்லை. நிறுவும்போது அது ஸ்கின்கள் இருக்கும் இடத்திலேயே 'பேக்கப்' என்னும் பெயருள்ள கோப்புறைக்குள் நகர்த்தப்பட்டிருந்தது. கை நடுங்கத் திறந்தேன். 143 வரிகளும் இருந்தன! அந்த இரவு நான் உறங்கவில்லை, ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்தக் கோப்பு தொகுப்புக்கு வெளியே, என் சொந்தக் கோப்புறையில் இருக்கிறது. அதன் முகவரி மட்டுமே ஸ்கின்னில் உண்டு. புதிய பதிப்பு வந்தால் ஒரே ஒரு வரியைத் திருத்தினால் போதும். பென்டிரைவில் ஒரு படியும், ஊரில் தங்கையிடம் ஒரு படியும் உள்ளன.

நண்பர்களே, பழையது கழிவதும் புதியது வருவதும் குற்றமாகாது என்று நன்னூல் சொல்கிறது. உண்மைதான். வந்த மூன்றாண்டுகளில் நாமும் எவ்வளவோ மாறிவிட்டோம். இந்தி பேசுகிறோம், சப்பாத்திக்குப் பழகிவிட்டோம். மாறட்டும். ஆனால் நிறுவும் பொத்தானை அழுத்துமுன், நமக்கே உரியது எது, அது எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இதை எழுதும்போது திரையில் நிற்கும் வரி: "ரொம்ப நேரம் முழிக்காத அப்பு, கண்ணு கெட்டுப்போகும்." இதோ, விளக்கை அணைக்கிறேன்.